இரண்டரை நூலும் எம் 8-ம்

தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகத் தெற்கே போகும் ரயில்பாதை 1870களில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. வைஸ்ராய் மேயோவின் காலத்தில், இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்று அரசு நம்பியது. அதனால்தான் 3 அடி 3 அங்குலமாக இருக்கவேண்டிய அகலம் ஒரு மீட்டர் ஆனது. அந்த மாற்றத்துக்கான அளவுச் சட்டமோ ஏட்டோடு நின்றுவிட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே மீட்டர். அவற்றின்மேல் ஓடிய பிரிட்டிஷ் எஞ்சின்களின் மரைகளில் அங்குலம். ஓர் அளவுமுறை வேரூன்றிவிட்டதா என்பதைப் போல்ட்டும் நட்டும் சேரும் இடத்தில்தான் பார்க்கவேண்டும் என்பதற்கு இந்தப் பாதையே சாட்சி.

சுதந்திர இந்தியா 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பெருங்களத்தூரை அடுத்த வண்டலூரில் 1961-லிருந்து உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு வழிவந்த கார். அதன் மரைகள் அங்குலக் கணக்கில் இருந்தன. பட்டறையில் இரண்டரை நூல் என்று சொல்லும் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். எம் 8 போல்ட்டுக்கு 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம் 8 × 1.25 என்ற குறியில் பின்னால் வரும் எண், ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கான தூரம். ஒரு முழுச் சுற்றுக்கு போல்ட் அவ்வளவு உள்ளே போகும். அங்குல நுண்மரையில் அது ஏறக்குறைய 1.06 தான். ஒன்றின் போல்ட்டை மற்றதன் நட்டில் ஏற்றினால், ஒன்றிரண்டு சுற்று ஏறிய பிறகு போல்ட் இறுகும். மேலும் முறுக்கினால் மரை அழியும். ஸ்பேனரும் அப்படித்தான்: ஒன்றுக்கு 12.7, மற்றதற்கு 13.

எண்ணை மாற்றியதால் என்ன லாபம், குழாய்க்கடையில் இன்றும் அரை இஞ்ச் என்றுதானே கேட்கிறோம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரை இஞ்ச் குழாயின் வெளிமரை விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். பெயருக்கும் அளவுக்கும் பொருத்தமே இல்லை. இருந்தும் எந்தக் கடையில் வாங்கினாலும் அது பொருந்துகிறது, ஏனென்றால் எல்லோரும் ஒரே அளவை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய 5/16-க்கு அந்த ஒப்புதல் இல்லை: விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, பிரிட்டிஷ் நுண்மரையில் 22, பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948-ல் உடன்பட்ட நுண்மரையில் 24. எம் 8 என்று மட்டும் எழுதியிருந்தால் 1.25 என்றே பொருள். வேறானால் எழுதியே ஆகவேண்டும். மெட்ரிக்கின் பெருமை மில்லிமீட்டரில் இல்லை, முன்பின் அறியாத இரண்டு பட்டறைகள் ஒரே குறியை ஒரே பொருளில் படிப்பதில் இருக்கிறது. மேயோ காலத்து மீட்டர் பாதைக்கு வாய்க்காதது அதுதான்.