மூன்று ஜாகீர்தார்களின் மலை

1947 ஆகஸ்ட் 15. நாடே கொடியேற்றிக் கொண்டாடியது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையில் மட்டும் பழைய ராஜாங்கம்தான்! சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்கள். நிலவரி அவர்களுக்குத்தான்.

குடிமக்கள் மலையாளிகள். உடனே கேரளாவை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசும் பழங்குடிகள்; காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஏர் ஓடாத சரிவில் கொத்தால் கொத்திச் சாமை, தினை விதைப்பார்கள். கதிர் முற்றினால் ராத்தூக்கம் போச்சு! பரண்மேல் உட்கார்ந்து பன்றி விரட்ட வேண்டும். மழை பெய்தாலும், காடு பற்றி எரிந்தாலும் ஊர்தான் ஊருக்குத் துணை. கடுக்காய் பொறுக்கி விற்றால் உப்புக்கும் துணிக்கும் ஆச்சு.

'யாரையும் நம்பாமல் வாழ்ந்தார்களே!' என்று மெச்சுகிறோம். சரி, நம்புவதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

ஜாகீரை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். சுதந்திரம் மலையேற 29 வருஷம்! அதோடு முடிந்ததா? 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளை அடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்தது. அப்போதும் பேச்சு எதைப்பற்றி? ரோடு, பஸ் பற்றித்தான்!