மேடையை விட்டு இறங்கிய நாடகாசிரியர்: பாதல் சர்க்காரும் மூன்றாம் அரங்கின் தோற்றமும்

1972இல் பாதல் சர்க்காருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1968இல், சங்கீத நாடக அகாதமி விருதும் வந்திருந்தது. மோகன் ராகேஷ், விஜய் டெண்டுல்கர், கிரீஷ் கார்னாட் ஆகியோரோடு சேர்த்து, விடுதலைக்குப் பிந்தைய இந்திய நாடகத்தின் முகமாக அவரைப் பேசிய காலம் அது. அவருடைய நாடகங்கள் வங்கத்தைத் தாண்டிப் பல மொழிகளில் மேடையேறிக்கொண்டிருந்தன. அந்த உச்சத்தில்தான் அவர் மேடை, திரை, விளக்கு, நுழைவுச்சீட்டு என எல்லாவற்றையும் விட்டு, கல்கத்தாவின் கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும், பின்னர் சுந்தரவனக் கிராமங்களுக்கும் போனார்.

இந்த மாற்றத்துக்கு நாடக வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. 1969இல் சோவியத் ஒன்றியத்துக்கும் போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போனார், போலந்து இயக்குநர் க்ரோடோவ்ஸ்கியின் நாடகத்தைப் பார்த்தார். 1972இல் அமெரிக்கா போனார், அங்கே நாடக இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னருடன் வேலை செய்தார். திரும்பி வந்து அங்கே கற்றதை இங்கே செய்தார் என்பது அந்த விளக்கம். இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் விளக்கம் நிற்கவில்லை. அமெரிக்கப் பயணத்துக்கு முன்பே அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார். அதற்கும் முன்பே அவருடைய எழுத்து மேடையை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 1963க்கும் 1967க்கும் இடையில் அவர் எழுதிய நாடகங்களையும் கல்கத்தாக் குழு நாடகங்கள் இயங்கிய பொருளாதாரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த முடிவு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுதீந்திர சர்க்கார் என்ற இயற்பெயருடைய அவர் 1925 ஜூலை 15இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். மகன் அதே கல்லூரியில் படித்துவிட்டு, ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் முடித்தார். பின்னாளில் நகரமைப்பு வல்லுநரானார். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, பிறகு விலகினார். கட்சியை விட்டார் என்றாலும் சமூகம் மாற வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை. பிற்காலத்தில் கட்சி சார்ந்த நாடகக்காரர்கள் அவரை நம்பாமல் பார்த்ததற்கும், அவர் எந்தக் கட்சி மேடையிலும் ஏறாமல் இருந்ததற்கும் வேர் இங்கே இருக்கிறது.

அன்றைய வங்க நாடகச் சூழலில் அவர் வெளியாள். 1943இல் தொடங்கிய இந்திய மக்கள் நாடக மன்றமும், 1944இல் அது மேடையேற்றிய பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நவான்ன’வும் ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. அதிலிருந்து பிரிந்த சம்பு மித்ரா 1948இல் ‘பஹுரூபி’யைத் தொடங்கினார். உத்பல் தத்தின் குழு 1959இல் மினர்வா அரங்கத்தையே எடுத்து நடத்தியது. சர்க்கார் இந்த ஓட்டம் எதிலும் வளர்ந்தவர் அல்ல. அணைத் திட்ட வேலைக்காகப் போன மைதோனில், உடன் வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். 1956இல் எழுதிய ‘சொல்யூஷன் எக்ஸ்’ ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைத் தழுவியது. அடுத்து வந்த ‘பெரிய அத்தை’யும் சிரிப்பு நாடகம்தான். இவற்றைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இவை முக்கியமாகப் படுகின்றன: அலுவலகம் முடிந்து வருகிறவர்களை வைத்து, கையில் இருப்பதைக் கொண்டு நாடகம் போடும் பழக்கம் அவருக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

1957இல் நகரமைப்புப் படிப்புக்காக லண்டன் போய் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கேதான் பார்வையாளர்கள் நான்கு பக்கமும் சூழ்ந்திருக்க நடுவில் நடிக்கும் வட்ட அரங்கை முதன்முதலாகப் பார்த்தார். அப்போது அவருக்கு அதை உடனே செய்துபார்க்கும் எண்ணமோ வசதியோ இல்லை. ஆனால் நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் தூரம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை எனக் கண்ணால் கண்டுகொண்டார். பிறகு சுமார் 13 ஆண்டுகள் அந்த அனுபவம் அவருக்குள் ஊறிக்கிடந்தது.

1963இல் எழுதி 1965இல் மேடையேறிய ‘ஏவம் இந்திரஜித்’ அவரை ஒரே வீச்சில் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. கிரீஷ் கார்னாட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சத்யதேவ் துபே இந்தியில் மேடையேற்றினார். நாடகத்தில் ஓர் எழுத்தாளன் நாடகம் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் தவிக்கிறான். தனக்குத் தெரிந்த மனிதர்கள் யாரும் நாடகப் பாத்திரமாகத் தகுந்தவர்களாக அவனுக்குத் தோன்றவில்லை. பார்வையாளர் பகுதியில் தாமதமாக வந்து உட்காரப்போகும் நான்கு பேரை அவன் கூப்பிடுகிறான். அமல், விமல், கமல் மூவரும் எளிதாகப் பெயர் சொல்கிறார்கள். நான்காமவன் முதலில் நிர்மல் என்று சொல்லி, பிறகே தன் உண்மைப் பெயர் இந்திரஜித் என ஒப்புக்கொள்கிறான். மற்றவர்களைப்போல இருந்துவிட்டால் வம்பில்லை என்று அஞ்சும் ஒரு தலைமுறையின் மனம் அந்த ஒரு தயக்கத்தில் முழுவதும் தெரிகிறது.

விமர்சகர்கள் இதை நடுத்தர வர்க்க இளைஞனின் வெறுமை பற்றிய நாடகம் என்றே படித்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். பாத்திரங்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வருகிறார்கள். அரங்கப் பொருள் என்று ஏறக்குறைய எதுவும் தேவையில்லை. ஒரே நடிகர் பேராசிரியராகவும் அதிகாரியாகவும் மாறிக்கொண்டே இருக்கலாம். வீடு, கல்லூரி, அலுவலகம் எதையும் கட்டிக்காட்ட வேண்டியதில்லை. பார்வையாளரை ஒரு பக்கம் மட்டும் உட்காரவைக்கும் படச்சட்ட மேடைக்காக எழுதப்பட்டாலும், அந்த மேடை இல்லாமலே நடக்கக்கூடிய நாடகம் அது.

1964இல் வேலை அவரை நைஜீரியாவுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்த மூன்று ஆண்டுகளில்தான் அவருடைய எழுத்து மிகச் செழித்தது. ஒரு தற்கொலைச் செய்தியை வைத்துக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கதை புனையும் ‘பாக்கி இதிஹாஸ்’, சுடுகாட்டில் இளம்பெண்ணின் பிணம் எரியும் இரவில் நான்கு ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும் ‘பக்லா கோடா’, ஹிரோஷிமாவை விசாரிக்கும் ‘த்ரிங்ஷ சதாப்தி’ ஆகியவை இக்காலத்தவை. முதல் இரண்டும் புகழ்பெற்றன. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவுவது மூன்றாவதுதான். அதில் விசாரணை மன்றம் வைத்து, அணுகுண்டு போட்டவர்களையும் அதற்குப் பலியானவர்களையும் சாட்சிகளாக வரவழைக்கிறார். கதைப்பின்னல் கிடையாது. ஆவணங்களும் சாட்சியங்களும் உண்டு. குற்றவாளிக் கூண்டில் பார்வையாளர்களும் நிற்கிறார்கள். அணுகுண்டை அனுமதித்த உலகில் நாமும் இருக்கிறோம் என்று நேராகப் பேச வேண்டிய நாடகம் இது. இருட்டில் உட்கார்ந்திருப்பவரின் முகம் நடிகருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பேச்சுக்கு வலு இல்லை. க்ரோடோவ்ஸ்கியைப் பார்ப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய எழுத்து மேடையோடு முரண்படத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1967இல் நாடு திரும்பி ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகள் மற்றக் குழுக்களைப்போலவே அரங்க வாடகை, மேடையமைப்பு, விளக்கு, செய்தித்தாள் விளம்பரம் என்று செலவழித்தார்கள். ஊதியமில்லாமல் நடிக்கும் குழுவின் உழைப்பும் பணமும் இவற்றிலேயே கரைந்தன. செலவை ஈடுகட்டச் சீட்டின் விலை கூடும். விலை கூடினால் யாருக்காக நாடகமோ அவர்கள் வரமாட்டார்கள். பொறியாளரான சர்க்கார் இதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார். நாடகம் நடக்க எது இல்லாமல் முடியாது? நடிகரும் பார்வையாளரும். மற்ற எல்லாமே சேர்த்துக்கொண்டவை. திரைப்படம் உண்மையான தெருவையே காட்டிவிடும் காலத்தில், அட்டையில் தெரு வரைந்து மேடையில் நிறுத்துவதில் பொருளில்லை. திரைப்படத்தால் தர முடியாத ஒன்று நாடகத்துக்கு உண்டு: உயிருள்ள மனிதன் உயிருள்ள மனிதனோடு நேருக்கு நேர் இருப்பது.

இதை அவர் தம் கட்டுரைகளில் விரித்துச் சொன்னார். நாடகத்தில் நான்கு வகைப் பரிமாற்றம் உண்டு. நடிகரிடமிருந்து நடிகருக்கு, நடிகரிடமிருந்து பார்வையாளருக்கு, பார்வையாளரிடமிருந்து நடிகருக்கு, பார்வையாளரிடமிருந்து பார்வையாளருக்கு. படச்சட்ட மேடை முதல் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விளக்கணைத்துக் கொன்றுவிடுகிறது. விளக்கு எல்லோர் மேலும் விழுந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுவதை நான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவரும் அறிவார். இந்திய நாடகச் சிந்தனைக்கு அவர் தந்த மிகத் துல்லியமான கருத்து இதுவென்று நினைக்கிறேன். கிராமத்தின் மரபுக் கலையை முதல் அரங்கு என்றும், நகரத்தின் மேடை நாடகத்தை இரண்டாம் அரங்கு என்றும், இரண்டின் வலிமையையும் எடுத்துக்கொண்டு எங்கும் தூக்கிச் செல்லத்தக்க, எளிதில் மாறத்தக்க, செலவில்லாத அரங்கை மூன்றாம் அரங்கு என்றும் அவர் வகுத்தது, இந்தக் கருத்துக்குக் கொடுத்த வெளியுருவம்.

1971 அக்டோபரில், கௌர் கிஷோர் கோஷின் கதையைத் தழுவிய ‘சகினா மஹாதோ’வை ஆசிரியர் சங்கக் கூடமொன்றில், மேடையில்லாமல் நடத்தினார்கள். அடுத்து வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’தான் பெரிய பாய்ச்சல். ஹோவர்ட் ஃபாஸ்டின் நாவலிலிருந்து எழுந்த அந்த நாடகத்தில் அடிமைகள் ஒரே உடலாக அசைகிறார்கள். வசனத்தைக் குறைத்து, மூச்சாலும் முனகலாலும் உடல் இழுபடும் விதத்தாலும் கதை சொன்னார்கள். பார்வையாளர்களைச் சிறுசிறு கூட்டமாகக் கூடமெங்கும் பரப்பி உட்காரவைத்து, அவர்களுக்கிடையே ஓடி நடித்தார்கள். வங்க மொழியில் இதை ‘அங்கன் மஞ்ச’ என்றார்கள், அதாவது முற்றமேடை.

கூடத்திலிருந்து வெட்டவெளிக்கு வந்தது அடுத்த கட்டம். கல்கத்தாவின் நடுவிலிருக்கும் கர்சன் பூங்காவில் சனிக்கிழமைகளில் இலவசமாக நாடகம் போடத் தொடங்கினார்கள். முடிவில் துணியை விரிப்பார்கள். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். நக்சல்பாரி எழுச்சிக்குப் பிந்தைய வங்கம் அது. இளைஞர்கள் காணாமல் போவதும் கொல்லப்படுவதும் அன்றாடச் செய்தி. 1974 ஜூலை 20இல் அதே பூங்காவில் போலீஸ் தாக்குதலில் பிரபீர் தத் என்ற இளைஞர் உயிரிழந்தார். நாடகக் குழுக்கள் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தன. அவ்வாண்டின் ‘மிச்சில்’, அதாவது ஊர்வலம், இந்த மண்ணிலிருந்து முளைத்தது. கொக்கா என்ற பையன் கொல்லப்படுகிறான். யாரும் கொல்லப்படவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்கிறார் போலீஸ் அதிகாரி. தொலைந்துபோன கிழவர் ஒருவர், தம்மை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் உண்மையான ஊர்வலத்தைத் தேடுகிறார். பார்வையாளர்களின் இருக்கைகளே தெருச் சந்துகளாகின்றன. அவற்றினூடே ஊர்வலங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ‘போமா’ வந்தது. சுந்தரவனப் பகுதியின் ரங்கபேலியாவுக்குப் போய்ப் பழகியபோது கேள்விப்பட்ட ஓர் உழைப்பாளியின் வாழ்க்கை அதன் கரு. நாடகத்தில் போமா பாத்திரமாக வருவதே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களால் மட்டும் குறிக்கப்படும் நடிகர்கள் நகரத்தையும் காட்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். 1979இல் ‘பாசி கபர்’ 1855ஆம் ஆண்டின் சந்தால் கிளர்ச்சியை நாளிதழ்ச் செய்தித் துணுக்குகளோடு பின்னியது. அது ஒருவர் உட்கார்ந்து எழுதிய பிரதியல்ல. குழுவினர் தேடிக் கொண்டுவந்ததைப் பயிற்சியில் கோத்தது. இந்திரஜித் என்ற தனி மனிதனில் தொடங்கிய எழுத்து, பெயரே இல்லாத கூட்டத்தில் வந்து நின்றது. மேடையை விட்டதைவிடப் பெரிய துறவு இது. தம் பெயரை நிலைநிறுத்திய எழுத்து முறையையே அவர் கைவிட்டார்.

குறைகளும் உண்டு. கல்கத்தாவில் இந்த நாடகங்களைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த நடுத்தர வர்க்கத்தினர்தான். சில பிற்கால நாடகங்களில் குற்றவுணர்வைத் தட்டியெழுப்பும் குரல் ஒரே சுருதியில் ஒலிக்கிறது. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களின் நினைவிலும் ஏக்கத்திலும் வாழ்கிறவர்கள். இந்திரஜித்தின் மானசி முதல் ‘பக்லா கோடா’வின் பெண்கள்வரை இதுதான் நிலை. மூன்றாம் அரங்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை; தனி மனிதர்களையே நீக்கியதால் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆனால் அந்த அரங்கு பரவிய தூரம் அசாதாரணமானது. இம்பாலில் அவர் நடத்திய பயிற்சியில் கலந்துகொண்ட ஹெய்ஸ்னாம் கன்ஹைலால், மணிப்பூரின் சொந்த உடல்மொழி அரங்கை உருவாக்கினார். பம்பாயில் அமோல் பாலேகர் ‘மிச்சில்’ நாடகத்தை ‘ஜுலூஸ்’ என்ற பெயரில் நிகழ்த்தினார். 1984இல் ஜியாவுல் ஹக்கின் இராணுவ ஆட்சி நடந்த லாகூரில், மதீஹா கௌஹரின் ‘அஜோகா’ குழு அதே ‘ஜுலூஸ்’ நாடகத்தோடுதான் தொடங்கியது. அரங்கம் கிடைக்காததால் வீட்டுப் புல்தரையில் நடத்தினார்கள். கொக்கா எந்த ஊரிலும் கொல்லப்படலாம் என்பதால் வசனத்தில் அதிகம் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

தமிழுக்கும் அந்தக் காற்று வந்தது. 1978இல் சென்னையில் ஞாநியின் ‘பரீக்‌ஷா’வும் மதுரையில் மு. இராமசுவாமியின் ‘நிஜ நாடக இயக்க’மும் தோன்றியிருந்த நேரம். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைக் கிராமத்தில் சர்க்கார் நடத்திய பட்டறை, நவீன நாடகத்தில் ஈடுபட்டிருந்த இளைஞர்களுக்கு உடலையும் வெட்டவெளியையும் நம்பக் கற்றுக்கொடுத்தது. ‘பரீக்‌ஷா’ அவருடைய நாடகங்களையும் நடத்தியது. தமிழ் வீதி நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர் யாரும் அந்தப் பட்டறையைத் தவிர்த்துவிட முடியாது.

1980களின் நடுவில் சதாப்தியும் தோழமைக் குழுக்களும் ‘கிராம பரிக்ரமா’ தொடங்கின. சில நாட்கள் ஊர் ஊராக நடந்துபோய், நாடகம் போட்டு, கிராமத்தாரோடு உண்டு உறங்கி வருவது. முதுமையிலும் சர்க்கார் நடந்தார். 1992இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 2010இல் பத்மபூஷண் அளிக்க அரசு முன்வந்தபோது, அதை ஏற்க மறுத்தார். 2011 மே 13இல், மேற்கு வங்கத்தின் 34 ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சி தேர்தலில் வீழ்ந்த அதே நாளில், கல்கத்தாவில் காலமானார்.

இன்றும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் சர்க்கார் என்றால் ‘ஏவம் இந்திரஜித்’தான். அச்சில் படிக்கச் சுவையாக இருப்பது அதுதான். ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘போமா’, ‘பாசி கபர்’ ஆகியவற்றின் பாதி, நடிகர்களின் உடலில் இருந்தது. அச்சுப் பிரதியில் அது இல்லை. அவற்றில் நடித்தவர்களுக்கும் சோழமண்டலத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் எப்படிப் பயிற்சி செய்தார்கள், எங்கே நின்றார்கள், எந்த ஓசையை எழுப்பினார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, ஒளிப்பதிவாகவும் எழுத்தாகவும் சேர்த்துவைக்கும் பணியை நாடகத் துறைகளும் இளம் ஆய்வாளர்களும் இப்போதே தொடங்க வேண்டும்.