பருத்திக்கு வந்தவர், பூ வரைந்தவர்கள்

1853-ஆம் ஆண்டு ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார்கள். ஒரு சிற்றினத்துக்குக்கூட இல்லை, ஒரு பேரினத்துக்கே. 'கோவிந்தூயா' என்று பெயர். காட்டு நிழலில், தரையோடு தரையாக வளரும் செடி. கோடு கோடாக நரம்போடிய இலை, கொஞ்சம் வெள்ளைப் பூ. மலர்க் கண்காட்சியில் வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இன்று தாவரவியல் பட்டியலில் இந்தப் பெயரைத் தேடினால், 'டிராபிடியா என்பதன் இணைப்பெயர்' என்று ஒரு வரி வரும். பெயர் செத்துவிட்டது என்பதை அவர்கள் நாகரிகமாகச் சொல்லும் விதம் அது.

கோவிந்து யாரென்றால், ஒரு ஓவியர். கோயம்புத்தூரில் உட்கார்ந்து பூ வரைந்தவர். அவருக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவர் ரங்கையா. இருவரும் தெலுங்கு பேசியவர்கள். பிறந்த ஊர் எது, எப்போது இறந்தார்கள், குடும்பம் என்ன, எதற்கும் பதிவு இல்லை. வரைந்த படங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

படம் வரையச் சொன்னவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், 1796-இல் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். அந்தக் காலத்துக் கம்பெனி டாக்டர்களில் பாதிப் பேருக்குச் செடிப் பைத்தியம் உண்டு. மருந்தெல்லாம் செடியிலிருந்துதானே வந்தது, அதனால் படிப்பிலேயே தாவரவியல் இருந்தது. ஆனால் வைட்டுக்கு இருந்தது பைத்தியத்தின் முற்றிய நிலை. நாகப்பட்டினத்தில் இருந்த காலத்திலேயே ரங்கையாவை வைத்து வரைய ஆரம்பித்துவிட்டார். அந்தப் படங்களில் சில கப்பலேறிப்போய் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கர் கைக்குக் கிடைத்து, 1830-களின் தொடக்கத்திலேயே அங்கே அச்சாகின. ரங்கையா வரைந்த பூவை அவர் பார்த்திராத நாட்டில் பார்த்தார்கள்.

சரி, வைட் கோயம்புத்தூருக்கு எதற்கு வந்தார்? பூவுக்காக இல்லை. பருத்திக்காக.

லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்திதான் தீனி. ஒரே இடத்தை நம்பியிருப்பது கம்பெனிக்கும் ஆலை முதலாளிகளுக்கும் பயமாக இருந்தது. அமெரிக்க விதையை இந்தியாவில் முளைக்கவைத்தால் என்ன என்று யோசித்து, 1840 வாக்கில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரையே சம்பளம் பேசிக் கூட்டிவந்தார்கள். விதை வந்தது, கொட்டை நீக்கும் ரம்ப ஜின் வந்தது. கோயம்புத்தூர் கரிசல் நல்ல பருத்தி மண் என்று பெயர் வாங்கியது, அதனால் இங்கேயும் சோதனைப் பண்ணை போட்டார்கள். 1842 முதல் 1853 வரை அதற்குப் பொறுப்பு வைட்.

நான் இருப்பது சோமனூரில். கோவைக்குக் கிழக்கே 25 கிலோமீட்டர் சொச்சம். தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும் ஊர். பருத்தி இங்கே நூலாகத்தான் வரும், செடியாகப் பார்ப்பது குறைந்துவிட்டது. எங்கள் அப்புச்சி காலத்தில் கம்போடியாவும் கருங்கண்ணியும் விளைந்த காடுகள் இவை. அதில் கம்போடியா என்பது பெயரில் மட்டும்தான் கிழக்கத்தியது. வம்சம் அமெரிக்கச் செடிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழியாகச் சுற்றி வந்து, கிணற்றுப் பாசனத்தில் கொங்கு நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. கோவையில் உருவான எம்.சி.யு. ரகங்களின் பெயரில் இருக்கும் மூன்றெழுத்தும் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டாதான். வைட் 11 ஆண்டு முக்கியும் குடியானவர்கள் தொடாத அமெரிக்கப் பருத்தியை, அவர்களே 60 வருஷம் கழித்து விரும்பிப் போட்டார்கள். பாவம், அவர் பார்க்கவில்லை, 1872-லேயே இறந்துவிட்டார்.

அவர் காலத்தில் சோதனை தேறவில்லை. அமெரிக்காவின் கோடை மழைக்குப் பழகிய செடி, எங்கள் ஐப்பசி மழைக்கு என்ன செய்யும்? கூட்டிவந்த தோட்டக்காரர்களில் பலர் சில வருஷங்களில் மூட்டை கட்டினார்கள். நாட்டுப் பருத்தியைக் குடியானவர்கள் விடவில்லை. விடவேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் பருத்தி தோற்றுக்கொண்டிருந்த அதே வீட்டில் இன்னொரு வேலை ஓயாமல் நடந்தது. 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்ற வரிசை 1838 தொடங்கி 1853-இல் முடிந்தபோது ஆறு தொகுதிகள், 2,101 படத்தகடுகள். அதோடு வண்ணம் தீட்டிய இரண்டு நூல்கள் வேறு. ஒன்று முழுக்க நீலகிரிச் செடிகளுக்கு.

இந்த எண்ணிக்கையின் கனம் எனக்குப் புரிந்தது, நானே பூ வரைவதால்தான். நான் வரைவது எண்ணெய் வண்ணத்தில். ஒரு வருஷம் தறிக்கூடத்துப் பின்னால் தானாக முளைத்த பருத்திச் செடி ஒன்று பூத்தது. பருத்திப் பூ காலையில் மோர் நிறத்தில் விரியும். சாயங்காலம் ஓரமெல்லாம் ரோஸ் ஏறும். மறுநாள் சிவந்து சுருண்டுவிடும், அப்புறம் விழுந்துவிடும். எண்ணெய் வண்ணமோ நேரெதிர். முதலில் டர்பன்டைனில் கரைத்து மெலிசாக அம்பர் பூசி நிழலைப் பிடிக்க வேண்டும். அது சீக்கிரம் காயும். மேலே வரும் வெள்ளையும் கிரிம்சனும் காய நாள்கணக்கில் ஆகும். மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும். ஈர வெள்ளையில் சிவப்பைத் தொட்டால் அழுக்கு ரோஸ்தான் வரும். ஆக, அடிப்பூச்சு காயும் முன்னே பூ போய்விடும். எண்ணெயில் பூ வரைகிறவன் முதல் நாளுக்கு அப்புறம் வரைவது ஞாபகத்தை.

"பூ எல்லாம் காயாகாது கண்ணு, கொட்டறதுதான் அதிகம்" என்றார் அப்புச்சி. அவர் சொன்னது மகசூலைப் பற்றி.

ரங்கையாவும் கோவிந்துவும் எண்ணெயைத் தொடவில்லை. பென்சில், நீரில் கரையும் வண்ணம், கூடவே வெள்ளை கலந்து கொஞ்சம் கெட்டியாக்கிய பூச்சு. நிமிஷத்தில் காயும். காய்ந்தால் அடுக்கி வைக்கலாம், கப்பலில் ஆறு மாசம் போகலாம், ஒன்றோடொன்று ஒட்டாது. தாவரப் படத்துக்கு உலகம் முழுக்கத் தண்ணீர் வண்ணம் நிலைத்ததற்கு அழகு காரணமில்லை, இந்தச் சௌகரியம்தான் காரணம். கிளையைத் தண்ணீரில் செருகி வைத்து, அளவு மாறாமல் பென்சிலில் இறக்குவது முதல் வேலை. பூவைப் பிரித்துப் பார்ப்பது தாவரவியலாளரின் பங்கு. சூலகத்தைக் குறுக்கே வெட்டி, மகரந்தப் பையை எண்ணி, நுண்ணோக்கியில் தெரிவதைப் பெரிதாக்கித் தாளின் அடியில் வரிசையாகப் போட வேண்டும். மேலே செடி செடியாக இருக்கும். கீழே அதுவே கடிகாரத்தைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும். இந்தக் கீழ்வரிசைதான் அறிவியல். ஒரு முடியை விட்டால் வேறு இனமாகிவிடும்.

இதற்குமேல் அவர்களுடையதென்று ஒன்று இருக்கிறது. கொடியைத் தாளுக்குள் வளைத்துக் கொண்டுவரும் விதத்தைப் பாருங்கள், இலைகள் ஒன்றையொன்று மறைக்காமல் இடம்விட்டு நிற்பதைப் பாருங்கள். ஐரோப்பியப் படத்தில் இருக்கும் வெயிலும் நிழலும் இதில் கம்மி. சீலையில் அச்சடித்த கொடியின் ஒழுங்கு இருக்கிறது. துணி பார்த்துப் பழகிய ஊர்க்காரன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றலாம், ஆனாலும் சொல்கிறேன்.

எண்ணெய் வேறொரு வழியில் உள்ளே வந்தது. ஐகோன்ஸ் அச்சானது கல்லச்சில். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் வரைவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். எண்ணெய்ப் பசையுள்ள அச்சு மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கோடு மட்டும் வாங்கிக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான் முழுத் தொழில்நுட்பமும். வண்ணமில்லாத அந்தப் படங்களில் கோடு ஒன்றுதான் பேச வேண்டும். தகட்டின் அடியில், கண்ணைச் சுருக்கினால் தெரியும் எழுத்தில், வரைந்தவர் பெயர் இருக்கும். 1840-களின் நடுவில் ரங்கையாவின் பெயர் நின்றுபோகிறது, கோவிந்துவின் பெயர் தொடர்கிறது. ஏன் நின்றது என்று தகடு சொல்லாது.

இந்த இடத்தில் வைட்டுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். கம்பெனி அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் நம்மவர்களை வைத்துப் படம் வரைந்தார்கள். பெயர் போட்டவர்கள் குறைவு. 'இந்திய ஓவியர்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் கூலிக்கு ஓடும் காடாத் துணியில் நெய்தவர் பெயரை யார் போடுகிறார்கள்? வைட் போட்டார். கடைசித் தொகுதியில் ஒரு பேரினத்துக்கே பெயர் வைத்தார். நூலின் முகப்பில் இருந்தது அவர் பெயர் மட்டும்தான் என்பதும் உண்மை.

வைட் ஊர் திரும்பிக் கால் நூற்றாண்டுக்குப் பின், நீலகிரிக்கு எண்ணெய் வண்ணப் பெட்டியோடு ஒரு பெண் வந்தார். மரியான் நார்த். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தந்தை விட்டுப்போன சொத்து இருந்தது, உலகம் முழுக்கத் தனியாகச் சுற்றிச் செடி வரைந்தார். 1877-இல் தென்னிந்தியா வந்தவர், தஞ்சாவூரில் பர்னல் என்ற நீதிபதியின் துணையோடு இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை வரைந்தார், குன்னூரில் மலையை வரைந்தார். தகர டியூபில் அடைத்த எண்ணெய் வண்ணம் 1841-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது இல்லாவிட்டால் இந்தப் பயணமே இல்லை. பூவை வெட்டி வெள்ளைத் தாளில் வைக்காமல், மரம், மலை, பூச்சியோடு இருந்த இடத்திலேயே வேகமாக முடிப்பார். எனக்கு அவர் வேகத்தின்மேல் பொறாமை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தின் வால் இன்னும் போகாத காலம் அது. கோயம்புத்தூர் ஜில்லாவும் காய்ந்து கிடந்தது. பூப்படத்தின் சட்டத்துக்குள் அதெல்லாம் வராது. கோவிந்துவின் தாளிலும் குடியானவர் யாரும் இல்லை.

(இதே தெற்கில் எண்ணெய் வண்ணம் நம்மவர் கைக்கும் வந்துவிட்டிருந்தது. 1873-இல் ரவி வர்மாவுக்குச் சென்னையில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படத்தில், ஒரு நாயர் பெண் தலையில் பூச் சூடுகிறாள். பூ வந்தது, கூந்தலுக்கு.)

நார்த்தின் படங்களுக்கென்று லண்டன் கியூ தோட்டத்தில் அவர் செலவிலேயே ஒரு கூடம் கட்டி 1882-இல் திறந்தார்கள். 800-க்கும் மேற்பட்ட எண்ணெய்ப் படங்கள், சுவர் தெரியாமல் அடுக்கியவை. அவர் பெயரிலும் ஒரு பேரினம் உண்டு: 'நார்த்தியா', செஷல்ஸ் தீவு மரம். அது இன்றும் செல்லும் பெயர். கோவிந்தூயா செல்லாது. இதில் சதி ஒன்றும் இல்லை. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் சட்டம். லிண்ட்லி 1833-லேயே டிராபிடியா என்று பெயர் வைத்துவிட்டார். கோவிந்துவின் செடி அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தது, அவ்வளவுதான். ஆனால் 'வைட்டியானா', 'வைட்டியை' என்று முடியும் செடிகள் தென்னிந்தியக் காடு முழுக்க இருக்கும்போது, ஒன்றே ஒன்று இருந்தவருக்கு அதுவும் போனது மனசுக்கு ஒப்பவில்லை.

எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இவர்களுடைய மூலப் படங்கள் எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி பல வருஷம் தேடித் தொகுத்து, 2007-இல் மூன்று பகுதிகளாக ஒரு நூல் கொண்டுவந்தார். தலைப்பிலேயே வைட்டோடு ரங்கையாவும் கோவிந்துவும் இருக்கிறார்கள். தகட்டின் அடியிலிருந்து அட்டைக்கு வர 150 வருஷம் ஆனது.

ரங்கையா கொஞ்சம் கொடுத்துவைத்தவர். 'ருங்கியா' என்றொரு பேரினம் அவர் பெயரால் வந்தது என்பார்கள். அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒன்றை நம் ஊரில் கோடகசாலை என்கிறோம். வரப்பில், வாய்க்கால் ஓரத்தில், யாரும் விதைக்காமலே முளைப்பது. பூ அரிசி அளவுதான். போன ஐப்பசியில் சோமனூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு வேலியோரம் அதைப் பார்த்தேன். பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.