இரண்டு மீறல்களும் ஒரு தண்டனையும்



கி.பி. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணம் என்ற நகரில், சுமார் பத்தாண்டுகளுக்குள் இரண்டு மீறல்கள் நடந்தன. இன்று அந்த ஊர் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்ற பெயரில் இருக்கிறது. ஒரு சிற்றரசன் தன் பேரரசனை மீறினான். செருப்புத் தைக்கும் ஒருவரின் குடும்பம் சாதியை மீறியது. முதல் மீறலுக்குக் கல்வெட்டுகளில் பட்டங்கள் கிடைத்தன. இரண்டாவது மீறலுக்கு மரண தண்டனை கிடைத்தது. தண்டித்தவன், முதல் மீறலைச் செய்த அதே பிஜ்ஜளன். அரசு எதைப் பொறுத்துக்கொள்ளும், எந்த இடத்தில் வாளை உருவும் என்பதை அறிய அவனுடைய ஆட்சி நமக்கு ஒரு பாடம்.

பிஜ்ஜளன் களச்சூரி மரபினன். அவன் முன்னோர் மங்களவாடத்தைத் தலைநகராகக் கொண்டு, கல்யாணச் சாளுக்கியருக்குக் கட்டுப்பட்டு ஆண்டவர்கள். அது இன்றைய மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள மங்கள்வேடா. மகாமண்டலேசுவரன் என்பது இத்தகைய சிற்றரசர்களின் பட்டம். சிற்றரசனின் கல்வெட்டு முதலில் பேரரசனின் புகழைப் பாடும். பேரரசனின் பாதத் தாமரையை அண்டி வாழ்பவன் என்று சொல்லிக்கொண்ட பிறகே அவன் தன் பெயருக்கு வருவான். அடிபணிதலைக் கல்லில் வெட்டிக் காட்டும் முறை இது.

ஆறாம் விக்கிரமாதித்தன் 1076 முதல் 1126 வரை அரை நூற்றாண்டு ஆண்டு மறைந்தபின் சாளுக்கியப் பேரரசு தளர்ந்தது. மூன்றாம் தைலபன் காலத்தில் 1157 அளவில் பிஜ்ஜளன் தன் சொந்த ஆட்சியாண்டுக் கணக்கைத் தொடங்கினான். 1162இல் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணமே அவன் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அண்டி வாழ்ந்த பாதத்தையே அவன் தட்டிவிட்டான். அதை யாரும் தர்மமீறல் என்று தண்டிக்கவில்லை. வென்றவனுக்குச் சக்கரவர்த்திப் பட்டம் வந்து சேர்ந்தது.

ஆனால் அரியணையைப் பறித்தவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. நேற்றுவரை சாளுக்கியனுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களும் மடங்களும் அக்கிரகாரங்களும் இன்று ஏன் இவனை ஏற்க வேண்டும்? பிறப்புரிமை இல்லாத இடத்தில் வேறொரு சான்று தேவை. 1162இல் தெற்கே படையோடு சென்றபோது, பள்ளிகாவியில் பெயர்பெற்ற கோடிய மடத்தின் கேதாரேசுவரர் கோயிலுக்கு அவன் கொடை அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கொடை ஒரு சான்று. அதைவிடப் பெரிய சான்று, வருணங்கள் கலந்துவிடாமல் காப்பது. தர்மசாத்திரங்கள் அரசனுக்கு விதித்த தலையாய கடமை அதுதான்.

அதே நகரில்தான் பசவண்ணர் அரசுக் கருவூலத்தின் பொறுப்பில் இருந்தார். அவரைச் சுற்றித் திரண்ட சரணர்களின் பட்டியலை வாசித்தாலே அது ஒரு சமூகவியல் ஆவணம். தோல் பதனிடும் தோஹர கக்கய்யா, துணி வெளுக்கும் மடிவாள மாச்சய்யா, ஓடம் ஓட்டும் அம்பிகர சௌடய்யா, கயிறு திரிக்கும் நுலிய சந்தய்யா, சிந்திய அரிசி பொறுக்கி வாழ்ந்த ஆய்தக்கி லக்கம்மா. தொழிலே பெயரோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலை அவர்கள் இழிவாகச் சுமக்கவில்லை, ‘காயகம்’ என்று நிமிர்ந்து சொன்னார்கள். 30க்கும் மேற்பட்ட பெண்கள் வசனம் எழுதினார்கள். பிறப்பால் பிராமணரான பசவண்ணர், தன்னை மாதார சென்னய்யாவின் பிள்ளை என்று அறிவித்துக்கொண்டார்.

இதையெல்லாம் பிஜ்ஜளன் பொறுத்துக்கொண்டான். பசவண்ணர் கருவூலப் பணத்தை அடியார்களுக்கு வாரி இறைக்கிறார் என்று கோள் சொன்னவர்கள் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது பணம் குறையவில்லை என்பது மரபுக் கதை. கணக்கு சரியாக இருக்கும்வரை அரசனுக்கு விவாதமும் சமபந்தியும் தொல்லை தரவில்லை.

பிறகு ஒரு திருமணம் வந்தது. சரணரான பிராமணர் மதுவரசரின் மகளுக்கும், சரணரான செருப்புத் தொழிலாளி ஹரளய்யாவின் மகனுக்கும் திருமணம். சரணர்களைப் பொறுத்தவரை இருவீட்டாருக்கும் சாதி இல்லை. எனவே அது கலப்பும் இல்லை. வைதிகர்களுக்கோ அது பிரதிலோமம்: மேல்வருணப் பெண்ணைக் கீழ்ச்சாதி ஆணுக்குக் கொடுத்த பெருங்குற்றம். அரசன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்களைப் பிடுங்கினார்கள் என்கிறது ஒரு மரபு. யானைக்காலில் கட்டி இழுத்துக் கொன்றார்கள் என்கிறது இன்னொரு மரபு. நகரம் பற்றி எரிந்தது. பிஜ்ஜளனின் ஆட்சி 1167 அளவில் முடிந்தது. சரணர்கள் சிதறினார்கள். வசனச் சுவடிகளைச் சுமந்து உளவி நோக்கிச் சென்றவர்களுக்குக் காவலாக மடிவாள மாச்சய்யா நின்று போரிட்டார் என்பது மக்கள் நினைவு. ஒரு வண்ணார் காத்த இலக்கியம் அது.

இந்தத் திருமணத்துக்குக் கல்வெட்டுச் சான்று எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கல்வெட்டு யார் வெட்டியது? நிலம் கொடுத்தவனும் வாங்கியவனும் வெட்டியது. செருப்புத் தைப்பவரின் வீட்டுத் திருமணத்தைக் கல்லில் பொறிக்க அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை. புராணங்களோ பிஜ்ஜளனைச் சமணன் என்று சொல்லி, சாதிக்கொலையை மதச்சண்டையாக மாற்றிக் காட்டுகின்றன. சைவ மடத்துக்குக் கொடுத்த பள்ளிகாவிக் கொடை அந்தச் சித்திரத்தோடு ஒட்டவில்லை. அவன் தெய்வம் எதுவாக இருந்தாலும், அவன் காத்தது சாதியை.

அதே நூற்றாண்டில் சோழநாட்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதில் திருநாளைப்போவார் நெருப்பில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே தில்லைக்குள் போகிறார். ஹரளய்யாவை எந்த நெருப்பிலும் குளித்து வரச் சொல்லவில்லை கல்யாணத்துச் சரணர்கள். செருப்புத் தொழிலாளியாகவே சம்பந்தியாக ஏற்றார்கள். பிஜ்ஜளனின் பழைய தலைநகரான மங்கள்வேடாவில்தான் 1338இல் மகார் சாதியில் பிறந்த சந்தர் சோகாமேளா, சுவர் கட்டும் வேலையில் சுவர் இடிந்து மாண்டார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அந்த வரிசையில் ஹரளய்யாவையும் வைத்து நாம் படிக்க வேண்டும்.

அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அண்ணல் நிறுவினார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்புமணமே உண்மையான மருந்து என்றார். கல்யாண நகரம் அதை நமக்கு இரத்தத்தால் எழுதிக் காட்டியிருக்கிறது. சேர்ந்து பேசலாம், சேர்ந்து உண்ணலாம். சேர்ந்து வாழப் புறப்பட்டால் வாள் வரும். இயக்கமும் அந்த இடத்தில்தான் பின்வாங்கியது. பிற்காலத்தில் லிங்காயத்துகளுக்குள்ளேயே உட்சாதிகள் இறுகின, அகமணம் திரும்பியது. ஹரளய்யாவின் சமகார சமூகம் இன்றும் கர்நாடகத்தின் பட்டியல் சாதிகளில்தான் இருக்கிறது.

இன்று யானை இல்லை, அரிவாள் இருக்கிறது. அரசன் இல்லை, காவல் நிலையத்தில் பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பிவைக்கும் ‘சமரசம்’ இருக்கிறது. திருமண உரிமையில் தலையிடுவோரைத் தண்டிக்க 2012இல் சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையில் ஒரு வரைவுச் சட்டத்தைத் தந்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவுகளும் வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வரைவு நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அரசு எவ்வளவு முற்போக்கானது என்று அளக்க, அது எழுப்பும் சிலைகளையும் நடத்தும் விழாக்களையும் எண்ணாதீர்கள். பிஜ்ஜளன் அவையிலும் பசவண்ணருக்கு இருக்கை இருந்தது. உங்கள் மாவட்டத்தில் அந்தச் சிறப்புப் பிரிவு இருக்கிறதா, அதன் தொலைபேசியை யாராவது எடுக்கிறார்களா, தப்பி வந்த இணையருக்கு இன்றிரவு தங்க இடம் உண்டா என்று போய்க் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். ஹரளய்யா வீட்டுத் திருமணத்தை அன்று யாரும் கல்லில் வெட்டவில்லை. இன்று நடக்கும் திருமணங்களுக்கு நாமே சாட்சி, நாமே பதிவு.