பெட்ரோல் மூடிக்குப் பூட்டு வந்த கதை

நம் பார்க்கிங்கில் நிற்கும் பைக்குகளின் பெட்ரோல் மூடியில் சாவித் துவாரம் இருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தப் பூட்டின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், நம் வளாகத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது எளிதில் விளங்கும்.

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் தர அரபு நாடுகள் மறுத்தன. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. இங்கேயும் பெட்ரோல் விலை ஏறியது. அதைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்றது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவில் பல கார்களின் டேங்க் மூடியை யார் வேண்டுமானாலும் கையால் திருகித் திறக்கலாம். தட்டுப்பாடு வந்ததும், இரவில் ரப்பர் குழாய் விட்டுப் பெட்ரோலை உறிஞ்சுவது பெருகியது. பூட்டு வைத்த மூடிகள் மளமளவென்று விற்றன.

திருடனும் வழியை மாற்றிக்கொண்டான். நம் ஊர் பைக்குகளில் மூடிக்குப் பூட்டு இருந்தும், கார்புரேட்டருக்குப் போகும் ட்யூப் வெளியே தெரிந்தது. அதைப் பிடுங்கி பாட்டிலைப் பிடித்தால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. புதிய பைக்குகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. 2022 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேலன் 5 டாலரைத் தாண்டியபோதோ, கார் டேங்கையே ட்ரில்லால் துளைத்தார்கள். பெட்ரோலோடு டேங்கும் போயிற்று!

ஆக, பூட்டு திருட்டை நிறுத்தவில்லை. வேறு இடத்துக்குத் தள்ளியது. வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஆனாலும் வெளிச்சத்தையும் காவலையும் நாங்கள் விட்டதில்லை. நமக்கும் அதுதான் வழி. பார்க்கிங் மூலைகளில் எரியாத விளக்கைக் கண்டால் உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். வண்டியைக் கேமரா கண்ணில் படும்படி நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை:

- டேங்கில் கம்பி, கொக்கி எதையும் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.
- மூடியைப் பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி அடைக்காதீர்கள். காற்று போக வழியில்லாவிட்டால் என்ஜின் நின்றுவிடும்.
- திருட்டுக்குப் பயந்து பெட்ரோலைக் கேனில் எடுத்து வீட்டுக்குள் வைக்காதீர்கள்.
- வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பேஸ்மென்ட் தரையில் தேங்கி நிற்கும். வாடை வந்தாலோ தரையில் ஈரம் தெரிந்தாலோ, வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, நீங்களும் வெளியே வந்து வாட்ச்மேனுக்குச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.

திருடு போவது சில லிட்டர்தான். அவன் துளைத்துவிட்டுப் போன டேங்குக்கு மேலே குடியிருப்பது நாம் எல்லோரும்.