மூடிய சிப்பியும் கூலியும்: கொண்டச்சிச் சலாபத்தில் வெகுமதி எதிர்பார்ப்பு

வெகுமதியொன்று கிடைப்பதற்கு முன்னர் அதனை எதிர்நோக்கும் மனநிலையையும், அதற்காக ஒருவர் எவ்வளவு முயல்கின்றார் என்பதையும் கணனியின் துணைகொண்டு அளக்கும் முறைகள் அண்மைக்கால உளவியலில் பெருகியுள்ளன. இம்முறைகள் எதனை அளக்கின்றன, எதனைக் காணாது விடுகின்றன என்பதை மன்னார்க் கரையின் கொண்டச்சி முத்துச் சலாப வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நரம்பியல் ஆய்வுகூடத்திற்கும் முத்துக்குளிப்பிற்கும் தொடர்பென்ன என்ற ஐயம் எழலாம். நிச்சயமற்ற வெகுமதியே கூலியாக வழங்கப்பட்ட இடம் கொண்டச்சி என்பதே அத்தொடர்பு.

ஆய்வுகூட முறைகள் இரண்டினை முதலில் நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் பிரையன் நட்சனும் அவரது சகாக்களும் வெளியிட்ட பரிசோதனையில், கணனித் திரையில் முதலில் ஒரு குறி தோன்றும். இம்முறை பணம் பெறலாமா, இழக்க நேருமா என்பதை அக்குறி உணர்த்தும். சிறிது நேரக் காத்திருப்பின் பின்னர், கண்ணிமைக்கும் பொழுதில் ஓர் இலக்குத் தோன்றி மறையும். அதற்குள் பொத்தானை அழுத்தியவருக்கே பணம். இலக்குத் தோன்றும் கால அளவைக் கணனி மாற்றியமைத்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு முயற்சிகள் வெற்றிபெறுமாறு செய்கின்றது. பணம் கைக்கு வருமுன்னரே, காத்திருக்கும் வேளையிலேயே, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதி கிளர்ச்சியுறுவது இவ்வகை ஆய்வுகளால் அறியப்பட்டது. 2009இல் மைக்கல் ட்ரெட்வே முதலியோர் அமைத்த பரிசோதனையிலோ பங்குபற்றுநர் தாமே தெரிவு செய்கின்றனர். இலகுவான பணியில் 7 செக்கனுக்குள் 30 தடவை பொத்தானை அழுத்தவேண்டும். கடினமானதில் பழக்கமற்ற கையின் சுண்டுவிரலால் 21 செக்கனுக்குள் 100 தடவை அழுத்தவேண்டும். கடினமான பணிக்குப் பணம் அதிகம். ஆனால் பணியை முடித்தாலும் பணம் கிடைக்கும் நிகழ்தகவு 12, 50, 88 வீதம் என மாறுபடும். முன்னது எதிர்பார்ப்பையும் பின்னது முயற்சிக்கான ஊக்கலையும் அளக்கின்றன எனலாம்.

இனிக் கொண்டச்சிக்கு வருவோம். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அண்மையிலுள்ள இக்குடாக்கரை, கடற்படுகையின் முத்துப் பார்களில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் பெருநகராயிற்று. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1796 முதல் தொடர்ந்து நடத்திய சலாபங்கள் பற்றி றொபேட் பேர்சிவல் (1803), ஜேம்ஸ் கோடினர் (1807) ஆகியோரின் நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. கரைக்காற்றோடு இரவிற் புறப்படும் தோணிகள் கடற்காற்றோடு பிற்பகலில் மீளும். ஒவ்வொரு தோணியிலும் குளிகாரர் பதின்மர் இருப்பர். ஐவர் குளிக்க ஐவர் இளைப்பாறுவர். கல்லின் பாரத்தால் ஆழம் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிடநேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பைக்குள் இடுவர். மேலிருப்போர் கயிற்றை இழுப்பர். சுறாவை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி இல்லாமல் அவர்கள் கடலில் இறங்குவதில்லை.

இவர்களுக்குக் கூலி எவ்வாறு வழங்கப்பட்டது என்பதே நமது வினாவிற்கு மையமானது. தோணிக்காரருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி குளிகாரர் பணமாகவோ சிப்பியின் ஒரு பங்காகவோ கூலி பெற்றனர் என்றும், இரண்டாவது முறையே பெருவழக்கு என்றும் பேர்சிவல் குறிப்பிடுகின்றார். நிச்சயமான சிறுதொகையா, நிச்சயமற்ற பெருந்தொகையா என்ற தெரிவு 2009ஆம் ஆண்டுக் கணனித் திரைக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே கொண்டச்சி மணலில் முன்வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே பணயம் சுண்டுவிரலன்று; நுரையீரலும் செவியும் உயிருமாகும்.

பிற்காலத்தில் அரசே சலாபத்தை நேரடியாக நடத்தியபோது இம்முறை மேலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. கரைசேர்ந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குட் கொண்டுசெல்லப்பட்டன. குளிகாரர் அவற்றை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். அலுவலர் தாம் விரும்பிய இரண்டினை அரசுக்கென எடுப்பார், எஞ்சியது குளிகாரருக்கு. எக்குவியல் தமக்கு எஞ்சுமென்று அறியாதவர் நேர்மையாகவே பிரிப்பர் என்பது இதன் சூட்சுமம். எஞ்சிய பங்கிலிருந்தே கயிறு பிடித்தோரும் தம் பங்கைப் பெற்றனர். குளிகாரர் தம் பங்கைப் பெரும்பாலும் அன்று மாலையே சிறு வியாபாரிகளுக்கும் வேடிக்கை பார்க்க வந்தோருக்கும் திறவாமலே விற்றனர். முத்திருக்கலாம், இல்லாமலும் போகலாம், விற்கப்பட்டது எதிர்பார்ப்பே.

அரசு செய்தது யாது என்பது மனங்கொள்ளத்தக்கது. சலாபம் தொடங்குமுன் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டு, திறந்து, முத்துகள் மதிப்பிடப்பட்டன. அதாவது, நிகழ்தகவை அரசு தானே அளந்துகொண்டது. பின்னர்த் தன் இரு பங்கையும் மூடிய நிலையிலேயே ஏலத்தில் விற்றுப் பணமாக்கிற்று. 1905இல் கொண்டச்சிக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு பெற்ற வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். ஒரு சிப்பியையேனும் திறந்துபார்க்கும் தேவை அரசுக்கு இருக்கவில்லை. நிச்சயம் மேலே சென்றது; நிச்சயமின்மை கீழே தங்கிற்று. கொண்டச்சி வரலாறு நமக்குக் காட்டும் அடிப்படை உண்மை இதுவே.

துண்டுக்கூலியே முதலாளித்துவ உற்பத்திமுறைக்கு மிகவும் பொருந்திய கூலிவடிவம் என மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதற் பாகத்தில் விளக்கினார். அது தொழிலாளியைத் தானே தன்னை விரைவுபடுத்தச் செய்கின்றது. மேற்பார்வையின் தேவையைக் குறைக்கின்றது. கொண்டச்சியின் பங்குக்கூலி இதனினும் ஒருபடி மேற்செல்வது. இங்கு உழைப்பின் அளவோடு தற்செயலும் கூலியுட் புகுந்துவிடுகின்றது. பாண்டியரது கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கி.பி. முதலாம் நூற்றாண்டின் பெரிப்பிளூஸ் கூறும். ஒருகாலத்தில் தண்டனை செய்த வேலையைப் பிறிதொருகாலத்தில் நம்பிக்கை செய்தது. முயற்சிகளின் எண்ணிக்கை மாறி மாறி வரும்போது கிடைக்கும் வெகுமதி, தளராத முயற்சியைத் தூண்டுமென ஃபேர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் எடுத்துக்காட்டினர். அதனைச் சலாபக் குத்தகைக்காரர் ஆய்வுகூடமின்றியே அறிந்திருந்தனர்.

இதனாற் குளிகாரரைச் சூதாட்ட இயல்பினர் எனக் கொள்வது தவறாகும். கூலியின் இரு வடிவங்களையும் வகுத்தவர் அவரல்லர். சூதாட்டம் இயல்பெனின் அது யாருடைய இயல்பு? 1906இல் லண்டன் முதலாளிகளின் கம்பனியொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907இன் பின்னர்ச் சிப்பி வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைக்கப்பட்டது. அதனை வரலாறு முதலீட்டு நட்டம் என்று எழுதிற்று. அதே கடலில் அதே சிப்பியை நம்பியவன் குளிகாரனாயின் அதற்கு ஆசை, மூடநம்பிக்கை என்ற பெயர்கள் வழங்கின.

எனவே, ஊக்கலை அளக்க விழையும் கணனிப் பரிசோதனை கொண்டச்சியிடமிருந்து சில பாடங்களைப் பெறவேண்டும். ஒரே பணியை நிலைக்கூலி, துண்டுக்கூலி, மூடிய பங்கு என்னும் மூன்று நிபந்தனைகளிலும் செய்வித்து ஒப்பிடல்வேண்டும். பங்குபற்றுநரிற் பாதிப்பேர் பூச்சியத்திலிருந்தும், மறுபாதியினர் பரிசோதனைக்குள்ளேயே தீர்க்கவேண்டிய கடன்தொகையோடும் தொடங்கவேண்டும். முன்பணம் பெற்றவனின் தெரிவும் பெறாதவனின் தெரிவும் ஒன்றல்ல. நிகழ்தகவைச் சிலருக்கு அறிவித்தும் சிலருக்கு மறைத்தும் வேறுபாட்டை நோக்கவேண்டும். இறுதியாக, வென்ற 'சிப்பி'யைத் திறக்குமுன் எவ்விலைக்கு விற்பீர் எனக் கேட்கவேண்டும். பொத்தானை அழுத்தும் வேகத்தில் எதிர்பார்ப்போடு கைத்திறனும் களைப்பும் கலந்துவிடும். திறவாச் சிப்பியின் விலையிலோ எதிர்பார்ப்புத் தனியே நிற்கும். மாலைச் சந்தை நாள்தோறும் எடுத்த அளவை அதுவே. உண்மையான கடனையும் உயிராபத்தையும் ஆய்வுகூடத்துட் கொணரல் ஆகாது, கொணரவும் கூடாது. ஆதலின் பெறப்படும் முடிவு எத்துணை நுட்பமாயினும், அது வரலாற்றின் ஒரு கூறே என்ற அடக்கம் ஆய்வாளனுக்கு வேண்டும்.

மூளையில் நிகழும் கிளர்ச்சி உண்மையே. அதனை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. ஆனால் அக்கிளர்ச்சியைக் கூலியாக மாற்றியது மூளையன்று. கடலின் உடைமையும் குவியல்களைத் தெரிந்தெடுக்கும் அதிகாரமுமே. இலங்கைக் கரையின் இறுதிப் பெருஞ் சலாபம் 1925இல் முடிவுற்றது. நிச்சயத்தைத் தான் வைத்துக்கொண்டு நம்பிக்கையைப் பிறருக்குக் கூலியாகக் கொடுக்கும் முறை அதனோடு முடிவுறவில்லை. எதிர்பார்ப்பை அளக்கும் எந்தக் கருவியும் நிகழ்தகவை நிர்ணயித்தவர் யார் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.