அம்மாவின் டென்ஷன்

மகனுக்கு நான்கு வயது. அடிக்கடி வீசிங் வரும். நெபுலைசர் முகமூடிக்குள் அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில் மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க ரொம்ப டென்ஷன் ஆவீங்களாம்மா? அது பிள்ளையைப் பாதிக்கும்.” பக்கத்தில் நின்ற அவன் அப்பாவிடம் அந்தக் கேள்வி போகவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, கல்லூரியில் நான்கு வகுப்பெடுத்து, விடைத்தாள் கட்டோடு வீடு திரும்பியிருந்த எனக்குப் பதில் வரவில்லை. குற்றவுணர்வுதான் வந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செலியே எலிகளை ஆராய்ந்தார். குளிர், காயம், நஞ்சு என எது தாக்கினாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது. அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. இதைத்தான் பின்னர் ‘ஸ்ட்ரெஸ்’ என்று உலகமே சொல்லப் பழகியது. ஆபத்து நேரத்தில் உடலைக் காக்கும் சுரப்புகள், ஆபத்து விலகாமலே இருந்தால் அதே உடலை அரிக்கின்றன.

அதே காலத்தில் மனநல மருத்துவம் வேறொரு கதையைக் கட்டியது. 1943இல் பதினொரு குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், சில ஆண்டுகளில் பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றி எழுதினார். ‘ஃப்ரிட்ஜ் அம்மா’ என்ற பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் மனச்சிதைவை உண்டாக்கும் தாயைப் பற்றிப் பேசினார். அவரும் ஒரு பெண்தான். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம், தான் அடைபட்டிருந்த நாஜி முகாம்களின் கைதிகளோடு ஆட்டிசக் குழந்தைகளை ஒப்பிட்டார். அப்படியானால் முகாம் காவலர் யார்? அம்மா.

ஆட்டிசத்துக்கு உயிரியல் காரணங்கள் உண்டு என்று 1964லேயே வாதிட்டவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. அந்தக் குரல் பொதுப்புத்தியில் ஏறுவதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிகளாக வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

இவ்வளவு பழி சுமந்த பெண்ணுடல் ஆய்வகத்துக்குள் அதிகம் போகவே இல்லை. 1995க்கு முன் ஸ்ட்ரெஸ்ஸுக்கு உடல் காட்டும் எதிர்வினை பற்றிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தான் என்று ஷெல்லி டெய்லர் குழு 2000இல் எழுதியது.

2004இல் எலிசா எப்பலும், பின்னாளில் நோபல் பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும் 58 தாய்மார்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பலர் நாள்பட்ட நோயுள்ள குழந்தையைப் பராமரிப்பவர்கள். குரோமோசோமின் நுனியைக் காக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியக் குட்டையாகும். பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட அது மேலும் குட்டையாக இருந்தது. மிக அதிக அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் செல்கள், குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடப் பத்தாண்டாவது கூடுதலாக மூப்படைந்திருந்தன. ‘பிள்ளைக்காக ஓடாய்த் தேய்ந்தாள்’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. கைக்குழந்தையைப் பராமரிப்பவரின் அழுத்தத்துக்கும் அக்குழந்தைக்குப் பின்னால் வரும் வீசிங்குக்கும் தொடர்பிருப்பதை 2002இல் பாஸ்டனில் ரோசலிண்ட் ரைட் குழு காட்டியது. தாய் எலி அதிகம் நக்கி வளர்த்த குட்டி பெரிதானபின் பதற்றத்தை எளிதில் தாங்கியது என்பது மைக்கேல் மீனி குழுவின் 1997 ஆய்வு. ஆனால் அந்தக் கதைக்கு அடுத்த பாகமும் உண்டு. நன்றாக நக்கி வளர்க்கும் எலியையே கர்ப்பகாலத்தில் அழுத்தத்துக்கு உள்ளாக்கினால், அது நக்குவது குறைந்துவிட்டது. இது 2006இல் வந்த முடிவு. அந்த எலிக்கு அழுத்தம் கொடுத்தது யார்? அதை அடைத்து வைத்திருந்தவர்கள்.

இந்தப் பாகத்தை விட்டுவிட்டு முந்தையதை மட்டும் சொன்னால், அறிவியல் புதிய ஃப்ரிட்ஜ் அம்மாவைத்தான் உருவாக்கும். 2014இல் சாரா ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் எச்சரித்தது இதைத்தான்: தாயின் வழியாகப் பிள்ளைக்குப் போகும் பாதிப்புகளைப் பேசும்போது தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள், தந்தையின் பங்கையும் சமூகத்தின் பங்கையும் பாருங்கள்.

நம் ஊரிலும் பார்க்கலாம். 2017 சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

போன மாதம் ஆய்வு மாணவி ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். “என் டென்ஷன்தான் மேடம் பாப்பாவுக்கு வந்துடுச்சுன்னு மாமியார் சொல்றாங்க.” எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதை அவளிடம் கேட்டேன்: “ராத்திரி பாப்பா அழுதா உங்க வீட்டுல யாரு எந்திரிக்கிறா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “நான் மட்டும்தான் மேடம்” என்றாள்.